லாரிப் பிள்ளையாரும் இருபத்தொரு தோப்புக்கரணமும்

எங்கே லாரி நின்று ஏர் பிரேக் 'புஸ்ஸ்' என்று மூச்சு விட்டாலும், என் கைகள் காதைத் தேடுகின்றன. முழங்கால் தானாக மடங்குகிறது. சென்னையில் ஒரு சிக்னலில் இப்படி மடங்கியபோது, பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், "என்ன சார் தப்பு பண்ணீங்க?" என்று கனிவாக விசாரித்தார்.

தப்பு என்னுடையதல்ல. உட்கார்ந்து பார்க்கிற வேலையை நின்றே பார்த்து முடித்த ஒரே மனிதருடையது. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து பெங்களூருக்குக் கன்டெய்னர் ஓட்டிய அவருக்கு லைசென்ஸில் ஒரு பெயர் இருந்தது. எங்கள் முத்தையாபுரம் லாரி ஆபீஸில் அவர் 'தோப்புக்கரணம்' மட்டும்தான்.

ஒருகாலத்தில் அவரும் ஒரே மூச்சில் ஓட்டியவர்தானாம். ஒருநாள் துறைமுக வாசலில் வண்டி நின்றது. இறங்குவதற்கு இடுப்பு சம்மதிக்கவில்லை. நாலு லோடுமேன்கள் ஸ்டியரிங் பிடித்த கோலத்திலேயே அவரைத் தூக்கி இறக்கினார்கள். வீட்டில் கட்டிலில் கிடத்திப் பார்த்து, முடியாமல் நாற்காலியில் வைத்தார்கள். கச்சிதமாகப் பொருந்தினார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எறங்கிக் குனிஞ்சு நிமிரணும்" என்றார் டாக்டர். அவருக்குத் தெரிந்த உடற்பயிற்சியோ ஒன்றே ஒன்று. சாயர்புரம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் தினமும் தந்த தோப்புக்கரணம்.

அன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபத்தொன்று. புரோட்டாவை விட்டுவிட்டுப் பனங்கிழங்கைக் கடித்தார். அடிக்கடி இறங்க வேண்டியிருக்குமே என்று மற்ற டிரைவர்கள் தண்ணீரைத் தொட மாட்டார்கள்; இவர் குடம் குடமாகக் குடித்தார். "தண்ணி குடிக்காம ஓட்டுனா கிட்னியிலயும் லோடு ஏறிரும்வே. அந்தக் கல்ல நீரா வந்து எறக்குவீரு?"

அப்புறம் வண்டிகளில் ஜி.பி.எஸ். வந்தது. கம்ப்யூட்டர் திரையில் அவர் பாதை முழுக்க அம்மை போட்டதுபோலச் சிவப்புப் புள்ளிகள். ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னை முதலாளி அழைத்தார்.

"என்னவே, ரெண்டு மணிக்கு ஒருக்கா வண்டி நிக்கி! டீசல எறக்கி விக்கானோ? நீரே கூடப் போயிப் பாரும். காரணம் சரியில்லன்னா அங்கனயே சாவிய வாங்கிரும்."

போனேன். இருபுறமும் உப்பளங்கள் வெயிலைக் குடித்து வெள்ளையாய்ச் சிரித்துக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாவி வாங்கத்தான வந்திருக்கீரு?" என்றார் தோப்புக்கரணம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாங்கிக்கிடும். ரெண்டு பிள்ளையளும் காலேஜ்ல படிக்கி. அதுகள்ட்ட என்ன சொல்லணும்னும் நீரே சொல்லிக் குடுத்துரும்."

விளாத்திகுளம் பிரியும் விலக்கில் வண்டி 'புஸ்ஸ்' என்றது. இறங்கிப் பார்த்தேன். ஏற்கெனவே ஐந்து லாரிகள் வரிசையாக நின்றன. ஐந்து டிரைவர்கள் காதைப் பிடித்துக்கொண்டு ஒரு மைல்கல்லுக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லுக்குச் சந்தனம், குங்குமம், அருகம்புல் மாலை. பக்கத்தில் ஓர் அக்கா தேங்காய் விற்றார்.

"லாரிப் பிள்ளையாரு அண்ணாச்சி! ரொம்ப சக்தி. இங்கன இருவத்தொண்ணு போட்டா இடுப்பு வலி பறந்துரும்."

பறக்காமல் என்ன செய்யும்?

நான் தோப்புக்கரணம் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் நெளிந்தார். "நான் ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போறவன்வே. வெயிலு மூஞ்சில அடிக்கப்பிடாதுன்னு இந்தக் கல்லப் பாத்துத் திரும்பி நின்னு போட்டேன். பாத்தவன் கும்பிடுதேன்னு நெனச்சுட்டான். மூணாம் மாசம் பொட்டு இருந்துச்சு. ஆறாம் மாசம் உண்டியல் வச்சிட்டானுவ."

திரும்பி வந்து அறிக்கையில், நின்றதற்கான காரணம் என்ற இடத்தில் 'சாமி தரிசனம்' என்று எழுதினேன். முதலாளி உருகிப்போனார். "அத மொதல்லயே சொல்லாண்டாமா! இனி நம்ம வண்டி எல்லாம் அங்கன நிக்கட்டும்."

நான் எழுதியது தெரிந்ததும் தோப்புக்கரணத்துக்குத் தூக்கம் போய்விட்டது. "பொய்யில ஓட்டுத வண்டி எனக்கு வேண்டாம்வே." நான் தடுக்கத் தடுக்க நேரே முதலாளி அறைக்குள் போய், மேசைமேல் சாவியை வைத்தார்.

"மொதலாளி, அது சாமி இல்ல. என் இடுப்பு."

முதலாளி முழுக் கதையையும் கேட்டார். பிறகு சாவியை அவர் பக்கமே நகர்த்தினார்.

"இத வெளிய சொல்லிராதேயும். எக்சர்சைஸுன்னா ஒரு பயலும் எறங்க மாட்டான். சாமின்னாதான் எறங்குவான்."

சில வருடம் கழித்து எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பஸ் கிளம்பும் நேரம், ஜன்னலில் தட்டுகிற சத்தம். கையில் பனங்கிழங்குக் கட்டோடு தோப்புக்கரணம்.

"எத்தன மணி நேரம்வே?"

"பன்னெண்டு, அண்ணாச்சி."

"டிரைவர்ட்ட சொல்லிட்டேன். ரெண்டு மணிக்கு ஒருக்கா நிப்பாட்டுவாரு. பேசாம உக்காந்திராம எறங்கும்."

"தனியா நின்னு போட வெக்கமா இருக்குமே அண்ணாச்சி."

பஸ் நகர்ந்தது. அவரும் கூடவே நடந்தார்.

"எதுக்குத் தனியா? நீரு எங்கன எறங்குனாலும், நானும் பக்கத்துல நின்னு போடுதேன்னு நெனச்சுக்கிடும்வே."