குளக்கட்டில் ஆங்கில வகுப்பு

அன்புள்ள கனடாச் சித்தப்பா அறிவது,

நாங்கள் சுகம், வயலும் சுகம். நீங்களும் சித்தியும் சுகமாயிருக்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாட்ஸப்பை விட்டுத் தபாலில் எழுதுவதற்குக் காரணம், சிக்னல் இன்னும் குளக்கட்டைத் தாண்டி எங்கள் ஊருக்குள் வரவில்லை.

உங்கள் பழைய மாணவர் சங்கம் ஆங்கிலம் படிக்க அனுப்பிய ரப்லெற் கணினிகள் வந்தன. பள்ளிக்கூட அதிபர் தவராசா அவற்றுக்கு மாலை போட்டு, நிறைகுடம் வைத்து, பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வரவேற்றார். வருடக்கணக்காக ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம். சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையான நான்தான் அதையும் சமாளிக்கிறேன். இனி அவற்றிலுள்ள செயலியே படிப்பிக்கும் என்றீர்கள். திறந்தால், தாய்மொழி எது என்று கேட்டது. பட்டியலில் தமிழ் இல்லை. அதிபர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஹிந்தியை அமத்தும் பிள்ளை, பக்கத்து நாடுதானே" என்றார். அமத்தினேன். அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு சிக்னலுக்காகக் குளக்கட்டில் குந்தியிருந்தது. விமான நிலையத்தில் கோப்பி வாங்குவது எப்படி என்று செயலி ஹிந்தியில் விளக்கியது. பிள்ளைகள் அமெரிக்க மூக்கால் பேசாததால் சிவப்பு விளக்கு எரிந்தது, தப்பித்தவறிச் சரி வந்தால் "பஹுத் அச்சா!" என்று பாராட்டியது. வயலுக்குப் போகிறவர்கள் உழவு இயந்திரத்தை நிறுத்தி, "என்ன ரீச்சர், குளம் திறக்கப் போறாங்களோ?" என்று விசாரித்தார்கள். ஒருநாள் அதிபர், தானே சொல்லிக் காட்டுவதாக ஒரு ரப்லெற்றைக் கையில் வாங்கினார். பிள்ளைகளுக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சிவப்பு. "மெசின் பழுது" என்று சொல்லி, எல்லாவற்றையும் பொலித்தீனால் சுற்றி அலுமாரியில் பூட்டினார். இப்போது அலுமாரிதான் ஆங்கிலம் படிக்கிறது.

மேலிடத்து அதிகாரி வந்த அன்று மட்டும் பொலித்தீன் கழன்றது. அவர் மாணவி பிரியந்தினியிடம் "ஹவ் ஆர் யூ?" என்றார். "பஹுத் அச்சா!" என்று வகுப்பே கத்தியது. அவர் கைதட்டி, "பாத்தீங்களே, என்ன உச்சரிப்பு!" என்றார். அடுத்த கிழமையே எங்கள் ஆங்கில ஆசிரியர் வெற்றிடத்தை நீக்கிவிட்டார்கள். இயந்திரம் இருக்கையில் மனிசர் எதற்காம்.

சிரிக்காதீர்கள் சித்தப்பா. இந்தப் பிள்ளைகள் வருகிற வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். "ரீச்சர், சோதினையிலையும் ஹிந்தியிலதான் கேப்பாங்களோ?" என்கிறாள் பிரியந்தினி. கொழும்புப் பிள்ளைக்கு ஆசிரியர், வன்னிப் பிள்ளைக்கு நன்கொடை. இரண்டாம் தொகுதி ரப்லெற்றுகளை அனுப்பவே வேண்டாம். வெற்றிடத்தைத் திருப்பித் தரச் சொல்லி மேலிடத்துக்குக் காரமாக ஒரு கடிதம் போடுங்கள். வெளிநாட்டு முத்திரையைக் கண்டால் எழும்பி நின்று வாசிப்பார்கள்.

சித்திக்கும் தம்பிமாருக்கும் என் அன்பு. பனியில் பார்த்து நடவுங்கள்.

உங்கள் பெறாமகள்,
யதுர்ஷிகா

பி.கு.: உறையை ஒட்டும்போது அதிபர் ஓடி வந்தார். "பிள்ளை, உமக்கு வேலை கிடைச்சிட்டுது! சம்பளத்தோடை!" ஆங்கில ஆசிரியையாக அல்ல, 'செயலிப் பொறுப்பாளர்' என்று புதுப் பதவி. ரப்லெற் இருக்கும்வரைதான் பதவியும் இருக்குமாம். ஆகவே மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். செயலி மிகத் திறம். இரண்டாம் தொகுதியை உடனே அனுப்புங்கள். மேலிடத்துக்கு ஒன்றும் எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. வெட்கப்படுவதை முதல் சம்பளத்துக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.