தேவசிகாமணி சார் லீவில் இருக்கிறார்

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குழந்தையைப் பாராட்ட வேண்டும் என்று அந்த அமெரிக்கப் பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. தேவசிகாமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வரியை மறுபடியும் படித்தார். அச்சுப் பிழையாக இருக்குமோ என்று பார்த்தார். இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த சாரா பின்னக் கணக்குகளைப் போட்டு முடித்து நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். எல்லாமே சரியாக இருந்தன.

தேவசிகாமணி தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தப்பாகப் போட்ட பிள்ளைகளிடம் சொல்ல அவரிடம் ஏராளமாக இருந்தது. சரியாகப் போட்ட பிள்ளையிடம் என்ன சொல்வது என்று இத்தனை வருஷ கணக்கு வாத்தியார் வேலையில் அவர் யோசித்ததே இல்லை.

"பரவால்ல," என்றார் கடைசியில்.

"'அருமை'ன்னு சொல்லணும்னு போட்டிருக்குங்கப்பா."

"கையெழுத்து கோணலா இருக்குது. அதனால பரவால்லதான்."

சாரா தலையாட்டினாள். பாராட்டு அட்டையில் ஒட்ட வேண்டிய தங்க நட்சத்திரம் பெட்டியிலேயே கிடந்தது.

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். யூனிஃபார்ம் போடாமல் சமையலறை வாசலில் வந்து நின்ற சாரா, இனிமேல் ஸ்கூலுக்குப் போகப் போவதில்லை என்றாள். ஏழாவது படிக்கிற பெண். மழைக்கு லீவு விட்டால் முகம் தொங்கிப் போகிறவள். அம்மா லூர்துசெல்வி ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், அப்படியே கைப்பையைக் கீழே வைத்தாள்.

"யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா சாமி?"

"இல்லைங்கம்மா."

"பின்ன என்ன?"

"நான் ஊட்லயே படிக்கறேன். அப்பாதான் சொல்லித் தரணும். சாயங்காலம் வந்து சொல்லித் தர்றது வேண்டாம். ஸ்கூல் நேரத்துல அப்பா ஊட்ல இருக்கணும்."

தேவசிகாமணி இட்லியைக் கையில் பிடித்தபடி மகளைப் பார்த்தார். ஏற்காட்டில் அவர் வேலை பார்த்த, சாராவும் படித்த மிஷன் பள்ளிப் பிள்ளைகள் அவரை எங்கே கண்டாலும் வேறு பாதையில் போய்விடும். மரியாதை என்று அவர் அதை எடுத்துக்கொண்டிருந்தார். பகல் முழுவதும் அவரிடமே படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் தன் பிள்ளை. அன்றைக்கே லீவு விண்ணப்பம் எழுதிவிட்டார். டெர்ம் முடியும்வரை, சம்பளம் இல்லாமல்.

தலைமையாசிரியை சாந்தாமேரி சிஸ்டர் அதை முழுதாகப் படிப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டார். "குழந்தைதானே சார் முக்கியம்" என்று பேனாவை மூடினார்.

அமெரிக்கப் பாடத்திட்டத்தை வாங்கச் சொன்னது பெங்களூரில் இருந்த மச்சினன் ஜாபெஸ். பெரிய அட்டைப்பெட்டியில் வந்தது. கணக்குப் புத்தகத்தில் ஜான் என்ற பையன் வீட்டு வாசலில் விழுந்த பனியை வாரிப்போட்டு டாலர் சம்பாதித்துக்கொண்டே இருந்தான். ஏற்காட்டிலும் பனி உண்டு, ஆனால் அதை யாரும் வாரிப்போட முடியாது. அதையெல்லாம் தேவசிகாமணி பொறுத்துக்கொண்டார். பாராட்டுவதுதான் அவரைக் கொன்றது. வாரக் கடைசியில் அவர் குரல் கம்மிப்போய், மிளகுக் கஷாயம் குடிக்க வேண்டியதாயிற்று.

"இது நொம்ப சுலபமா இருக்குதுங்கப்பா. வேற பாக்கலாம்," என்றாள் சாரா.

அவருக்கு உள்ளூர சந்தோஷம். பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

அடுத்தது ஆன்லைன். எஸ்டேட் சரிவில் இருந்த அவர்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. ஒண்டிக்கடை முக்கில் இருந்த ஒரு பேக்கரியின் ஜன்னலோர மேஜையை தினமும் காலையில் பிடித்துக்கொண்டு அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். திரையில் ஓர் இளம் டீச்சர் சிரித்துக்கொண்டே பாடம் நடத்தினாள். வெவ்வேறு ஊர்களிலிருந்து பிள்ளைகளின் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

"சாரா, நீ சொல்லும்மா. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

"தப்பா இருந்தா எப்படிங்க பரவால்லன்னு சொல்றது?" என்று தேவசிகாமணி திரைக்குள் தலையை நீட்டினார்.

"சார், நீங்க கொஞ்சம் ரூமுக்கு வெளிய இருக்கீங்களா?"

"இது பேக்கரிம்மா. வெளிய மழை."

அப்போதுதான் மூலையில் ஒரு கட்டத்தில் ஒரு பையன் எதையோ மென்றுகொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. பழக்க தோஷம். "ஏய், எந்திரிச்சு நில்லு!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

பையன் எழுந்து நின்றான். கட்டத்தில் அவன் வயிறு மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டமும் நின்றது. கொஞ்ச நேரத்தில் திரை முழுவதும் வயிறுகள். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மீசைக்கார ஆளும்கூட கிளாஸோடு எழுந்துவிட்டார். அவரும் ஒரு காலத்தில் தேவசிகாமணியிடம் படித்தவர்தான்.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் சாராவின் பெயரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, 'தங்கள் குடும்பத்துக்கு வேறு முறைகள் பொருந்தக்கூடும்' என்று தகவல் அனுப்பினார்கள். சாராவிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கினார். சாரா அழவில்லை.

"அதுல நீங்க சொல்லித் தர்றதுக்கே ஒண்ணும் இல்லைங்கப்பா. பேசாம நீங்க கடைக்குக் கிளம்பிப் போயிருவீங்க, இல்லைன்னா ஸ்கூலுக்கே போயிருவீங்க. எனக்கு வேண்டாம்."

செம்மநத்தம் கிராமத்துப் பக்கம் சென்னையிலிருந்து வந்து நிலம் வாங்கிக் குடியிருந்த ஒரு தம்பதி தங்கள் பையனை ஸ்கூலுக்கே அனுப்பாமல் வளர்ப்பதாக லூர்துசெல்வி ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். தேவசிகாமணி பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்.

"எந்தப் பாடத்திட்டம் வெச்சிருக்கீங்க?"

"பாடத்திட்டமே கிடையாது சார்," என்றார் தாடி வைத்த அந்தத் தகப்பனார். "குழந்தை தானா கேள்வி கேக்கும். அதுவரைக்கும் நாம காத்திருக்கணும். அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளா காத்திருக்கீங்க?"

தாடிக்காரர் கொய்யா மரத்தைப் பார்த்தார். உச்சிக் கிளையில் பையன் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

தேவசிகாமணியும் காத்திருந்தார். பிரம்பு நாற்காலியை ஹாலில் போட்டுக்கொண்டு, மடியில் கையைக் கட்டிக்கொண்டு, கேள்வியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். சாரா கோழிக்குத் தீனி போட்டாள், துணி மடித்தாள், ஜன்னலில் நின்று ஸ்கூல் பஸ் போகிற சத்தத்தைக் கேட்டாள். பஸ் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் அங்கேயே நிற்பாள். அப்புறம் வந்து அவர் பார்வையில் படுகிற இடமாக உட்கார்ந்துகொள்வாள்.

"எதாச்சும் கேக்கணுமா கண்ணு?" என்று அவரே கெஞ்சும்படி ஆயிற்று.

ஒரு நாள் மத்தியானம் சாரா அவர் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

தேவசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேளு, கேளு."

"ஸ்டெபினை எதுக்குங்க அன்னிக்கு மழையில நிக்க வெச்சீங்க?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. சாராவின் வகுப்புப் பையன் ஸ்டெபின். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஏசுராஜின் மகன். திக்கித் திக்கிப் பேசுவான்.

"பின்னக் கணக்கு வரல. அதான்."

"நின்னதுக்கப்புறம் வந்துச்சுங்களா?"

"அவன் அதுக்கப்புறம் ஸ்கூலுக்கே வரலயே. எனக்கெப்படித் தெரியும்?"



"வேற கேள்வி ஒண்ணும் இல்லைங்கப்பா."

இந்த முறை சரிவராது என்று அவர் முடிவு செய்தார். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து கேள்வி வருகிறது.

பிறகுதான் தேவசிகாமணி பாடத்திட்டத்தைத் தாமே தயாரித்தார். அந்த வாரம் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். ஹால் சுவரில் டைம்டேபிள் ஒட்டினார். பித்தளைத் தட்டைக் கரண்டியால் அடித்தால் மணி. காலையில் வாசலில் அசெம்பிளி. சாரா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பாள், அந்த வரிசையில் அவள் ஒருத்திதான். ஜெபம், உறுதிமொழி, நகம் சோதனை. அப்புறம் வருகைப் பதிவு.

"சாரா!"

"உள்ளேன் ஐயா."

முதல் பரீட்சையில் சாராவுக்கு இரண்டாம் ரேங்க் போட்டார்.

"ஏனுங்க, படிக்கறதே ஒரு புள்ள. மொத ரேங்க் யாருக்குங்க?" என்றாள் லூர்துசெல்வி.

"மொத ரேங்க் குடுத்தா தலைக்கனம் வந்துரும்."

லூர்துசெல்வி சிரித்தாள். சாராவும் சிரித்தாள். அந்த வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

மறு வாரம் ஒரு வகுத்தல் கணக்கில் சாரா தப்பு விட்டாள். அதே தப்பை மறுபடியும் விட்டாள். தேவசிகாமணி வாசலைக் காட்டினார். வெறும் விரல்தான். சாரா எழுந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூடுபனி வந்து வாசலை அடைத்தது. அவர் மேஜையில் உட்கார்ந்து அடுத்த பரீட்சைக்குக் கேள்விகள் எழுத ஆரம்பித்தார். நல்ல நல்ல கேள்விகளாக வந்துகொண்டே இருந்தன.

டியூட்டி முடிந்து வந்த லூர்துசெல்வியின் சத்தம் கேட்டுத்தான் தலையை நிமிர்த்தினார். அவள் சாராவைச் சேலையால் போர்த்தி உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்னங்க இது? என்ன பண்ணியிருக்கீங்க?"

"மறந்துட்டேன் செல்வி."

"புள்ளையையா?"



காய்ச்சல் சாராவைப் போட்டு வாட்டிவிட்டது. லூர்துசெல்வி டியூட்டிக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தாள், அவரிடம் பேசவில்லை. தேவசிகாமணி சுவரிலிருந்த டைம்டேபிளைக் கிழித்து அடுப்பில் போட்டார். ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து கொடுக்கிற வேலை மட்டும் அவருக்கு இருந்தது. சாரா ஜுர வேகத்தில் "உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா" என்று முனகியபோது அவர் எழுந்து கோழிக்கூண்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

காய்ச்சல் இறங்கிய அன்று லூர்துசெல்வி வாயைத் திறந்தாள்.

"போதுமுங்க. ரெண்டு பேரும் திங்கக்கெழமை ஸ்கூலுக்குப் போங்க."

படுத்திருந்த சாரா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"வேண்டாங்கம்மா! அப்பா போக வேண்டாம்! நான் இனிமே தப்பே போட மாட்டேன். மழையில நிக்கச் சொன்னாலும் நிக்கறேன். அப்பா ஊட்லயே இருக்கட்டுங்கம்மா."

சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையைத் தேவசிகாமணியால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரும் அழுதார். மழையில் நிறுத்திய பிறகும் தன்னிடமே படிக்க வேண்டும் என்று துடிக்கிற ஒரு பிள்ளை. இப்படி ஒரு பிரியத்துக்குத் தாம் என்ன செய்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் லூர்துசெல்வி சொன்னதுதான் நியாயம். பிரியம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை வீட்டிலேயே அடைத்து வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனார். சாந்தாமேரி சிஸ்டர் எழுந்தே விட்டார்.

"லீவு இன்னும் பாக்கி இருக்கே சார்? வேணுமுன்னா நீட்டிச்சுத் தர்றேன். எங்களுக்கு ஒண்ணும் சிரமமே இல்லீங்க."

"இல்லீங்க சிஸ்டர். புள்ளைங்க கணக்குல பின்தங்கியிருக்கும்."

சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அப்படியொண்ணும் இல்லீங்க," என்றார் மெதுவாக.

வராந்தாவில் நடந்தபோது ஏழாம் வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கணக்குப் பீரியடில் சிரிப்பு. அவருக்குப் பதிலாக வந்திருந்த பென்னி என்ற இளைஞன் கரும்பலகையில் ஒரு பூசணிக்காயை நாலாகப் பிளந்து வரைந்துகொண்டிருந்தான். தேவசிகாமணி வாசலில் போய் நின்றார். சிரிப்பு நின்றது. பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக எழுந்தார்கள். யாருடைய பென்சிலோ கீழே விழுந்து உருண்டது, யாரும் குனிந்து எடுக்கவில்லை.

அந்த அமைதி அவருக்கு எப்போதும் பிடிக்கும். அன்று ஏனோ அது கொஞ்சம் கனமாக இருந்தது.

"திங்கக்கெழமையிலருந்து நானும் சாராவும் வர்றோம்," என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் கேட்டை நெருங்கியபோது பின்னால் ஓடி வருகிற காலடிச் சத்தம். திரும்பினார். சசிகலா. செம்மநத்தத்திலிருந்து சாராவின் வகுப்புக்கு வருகிற பெண், மலைக்காட்டு விவசாயி சின்னனின் மகள். வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதைத் தவிர அவள் குரலை அவர் கேட்டதே இல்லை. புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தாள். 

"என்ன?"

"சாராவுக்குக் காய்ச்சலுங்களா சார்?"

"விட்டுருச்சு. இப்ப நல்லாயிருக்கா."

சசிகலா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, மனப்பாடம் செய்து வந்ததைப் போல ஒரே மூச்சில் சொன்னாள்:

"சாராவத் திட்டாதீங்க சார், ஸ்டெபின் ஸ்கூலை விட்டு நின்னப்ப அவதான் 'எங்கப்பாவை நான் ஊட்லயே வெச்சுக்கறேன், நீங்க பயமில்லாம படிங்க'ன்னு கிளாஸ்ல சொல்லிட்டுப் போனா, இப்ப அவளுக்கு முடியலைன்னு கேள்விப்பட்டதும் நாங்க சீட்டுக் குலுக்கிப் போட்டோமுங்க சார், என் பேரு வந்திருக்கு, அதனால நீங்க இங்க வர வேண்டாங்க, திங்கக்கெழமையிலருந்து நான் உங்க ஊட்டுக்குப் படிக்க வர்றேன்."