உன் அண்ணனும் ஊறுகாய்க்காரியும்

அன்பு நாத்தனார் முத்சுகோவுக்கு,

தகயாமாவிலிருந்து உன் அண்ணி கிகுவே எழுதுவது. மலையிலிருந்து குளிர் இறங்கிவிட்டது, மற்றபடி சுகம். உன் வீட்டுக்காரரின் முட்டிவலி தேவலையாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறந்து வளர்ந்த ஊரில், தினமும் புழங்கும் கடைத்தெருவில், சுற்றுலா வந்தவள் மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு போனேன். எல்லாம் உன் அண்ணனால் வந்தது.

ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னதிலிருந்து அவர் என் சமையலை ஒரு குறையும் சொல்வதில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. அரைக் கிண்ணம் சோற்றோடு எழுந்து, தலைவாரி, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று சன்மாச்சித் தெருப் பக்கம் போய்விடுவார். திரும்பும்போது முகம் பூரித்துப்போயிருக்கும். அங்கே ஊறுகாய் விற்கிற நோபுயேவுக்குப் புருஷன் இல்லை, சிரித்த முகம், இடுப்பும் என்னுடையதில் பாதி. நீயே சொல், நான் என்ன நினைப்பேன்?

உன் அம்மா காலமானதிலிருந்து பெட்டியில் கிடந்த அவருடைய சாம்பல் நிறக் கிமோனோவை எடுத்து, கண்ணாடியைப் பார்த்து நானே கட்டினேன். இப்போதெல்லாம் அந்தத் தெருவில் கிமோனோவில் திரிவது சுற்றுலாக்காரர்கள்தானே. முகத்துக்கு மாஸ்க், தலைக்குத் துணி. பொழுது சாயும் நேரம், கடைகளை மூடுவதற்குள் அவர் பின்னாலேயே போனேன்.

தெருவே ஒரு மாதிரி இருந்தது. ரிக்‌ஷாக்காரன் என்னைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டித் தலைகுனிந்தான். சாகே மதுக் கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். இந்த வேஷத்திலும் என்னை அடையாளம் கண்டு, பாவம், பெண்டாட்டி வந்துவிட்டாள் என்று இரக்கப்படுகிறார்கள், தெரு மொத்தமும் கூட்டுக்களவாணி என்று நடையை எட்டிப் போட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் சந்தோஷமாகப் படம் எடுத்தார்கள்.

உன் அண்ணன் மிசோ விழுது விற்கும் கடையில் ருசி பார்க்க வைத்திருந்த சூப்பைக் குடித்தார். அடுத்த கடையில் மொறுமொறு அரிசி அப்பளத் துண்டுகளை அள்ளினார். கடைசியில் நோபுயே கடை. அவள் உள்ளே தலைக்குமேல் வேலையாக இருந்தாள், இவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாதிரித் தட்டுக்கு முன்னால் நின்று, சிவப்பு டர்னிப் கிழங்கு ஊறுகாயை ஒவ்வொன்றாகக் குச்சியில் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். என்னைக்கூட அவர் அப்படி ரசித்ததில்லை.

நான் பின்னால் போய் நின்றேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தவர் கையிலிருந்த குச்சியைப் போட்டார். அப்படியே மண்டியிட்டு, “இனிமே உப்பத் தொடமாட்டேன். சத்தியமா. நீங்க போயிருங்க” என்றார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக எனக்கு ‘ங்க’ போட்டார், முத்சுகோ. புருஷனை எப்படி வைத்துக்கொள்வது என்று என்னிடம் கற்றுக்கொள். ஒரு பார்வை போதும்.

வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல், ருசியாகச் சாப்பிட்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
கிகுவே

பி.கு.: இதைத் தபாலில் போடப் போனபோது தெருவில் மாவு உருண்டை சுடும் ஹருயோ பிடித்துக்கொண்டாள். “அக்கா, அன்னிக்கு என்ன அந்தக் கோலம்? பொணத்துக்குத்தான வலப்பக்கத்த மேல போட்டுக் கட்டுவாங்க?” கண்ணாடியைப் பார்த்துக் கட்டியதில் மாறிவிட்டது. உன் அண்ணன் பார்த்தது என்னை இல்லை, உன் அம்மாவை. அவரிடம் சொல்லிவிடாதே, அந்தப் பயத்தில்தான் இப்போது உப்பைத் தொடுவதில்லை. நேற்று கோயில் சாமியாரை வரவழைத்து அம்மாவுக்காக ஓதச் சொன்னார். குளிராக இருந்ததால் அதே கிமோனோவைச் சரியாகக் கட்டிக்கொண்டு தேநீர் எடுத்துப் போனேன். உன் அண்ணன் சாமியார் மேல் சாய்ந்தார். சாமியார் தேநீர் மேல் சாய்ந்தார். கிண்ணம் உடையவில்லை.