வெள்ளாவியில் வெந்த கோட்டு

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் மனைவி ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். கடையில் தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பவன் சாதாரண மனிதன். வாங்கி வந்த தேங்காயை வீட்டில் மறுபடியும் ஆட்டிப் பார்ப்பவன் நான். (வழியில் யாராவது மாற்றியிருந்தால்?)

வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் மலை சுற்றிய காலம் அது. அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. வயது இருபத்து நான்கு. எனக்கிருந்த ஒரே சொத்து பதுளையில் தைத்த வெள்ளைக் கம்பளிக் கோட்டு. பூனாகலைத் தோட்டத்துக் கூலியாட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணி, தம் மகளுக்காக என்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பெண்ணைக் கோயில் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் தட்டிப்போனால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தேன்.

அதற்குள் கோட்டை வெளுத்தாக வேண்டும். தோட்டத்து டோபி முத்தையா மேலோ எனக்கு நெடுநாள் சந்தேகம். என் கோட்டை அவர் கல்யாண மாப்பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கிறார் என்பது என் தீர்மானம். பெரகலையில் ஒரு மாப்பிள்ளை அதே கோட்டில் நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். (வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.) ஆகவே நானே துவைப்பது என்று முடிவு செய்தேன். எப்படித் துவைப்பது என்று தெரியாது. அதையும் முத்தையாவிடமேதான் கேட்டேன்.

"வேட்டின்னா சாம்பத் தண்ணியில ஊறவச்சு வெள்ளாவி வைக்கலாங்க. கம்பளிக்கு அது ஆவாது. பூந்திக்கொட்டைய ஊறவச்சு, அந்த நொரையில பச்சத் தண்ணி விட்டு மெல்ல அமுக்கி எடுங்க. முறுக்கவே கூடாதுங்க ஐயா."

இவ்வளவு நல்ல மனதோடு யாராவது தொழில் ரகசியத்தைச் சொல்வார்களா? வேட்டிக்கு ஆவி, கோட்டுக்கு மட்டும் பச்சைத் தண்ணீரா? கோட்டு வெளுக்காமல் நான் மறுபடியும் தம்மிடமே வந்து நிற்க வேண்டும், அதுதான் அவர் திட்டம் என்று கண்டுபிடித்தேன். சனிக்கிழமை விடிந்ததும் அவர் சொன்னதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்தேன். அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்து, அண்டாவில் ஊற்றி, கோட்டைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அவித்தேன். கட்டையால் குத்தினேன். கை வலிக்கும்வரை முறுக்கிப் பிழிந்தேன். கோட்டு கட்டியாகச் சுருண்டிருந்தது. ஈரத்துணி அப்படித்தான் இருக்கும் என்று தேயிலைச் செடிமேல் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே காவலும் இருந்தேன்.

மூடுபனி இறங்கியது. அரைமணி நேரம் என் கையே எனக்குத் தெரியவில்லை. பனி விலகியதும் கோட்டை எடுத்து உதறினேன். பத்து வயதுப் பையன் போடுகிற கோட்டு!

பனிக்குள் முத்தையா வந்து கோட்டை மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை முத்தையாவை வரவழைத்துக் கத்திக்கொண்டிருக்கும்போதே பெரிய கங்காணி படியேறி வந்தார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நீங்களே பாருங்க, இது என் கோட்டே இல்லைங்க!" என்று அதை மாட்டிக் காட்டினேன். பாதித் தோள்வரை ஏறியது. அப்புறம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கைகள் இரண்டும் பின்னால் இழுபட்டு நின்றன. வருங்கால மாமனாரைக் கும்பிடக்கூட முடியவில்லை.

முத்தையா பதறாமல் காலரின் உள்பக்கத்தைத் திருப்பினார். யார் துணி என்று தெரிவதற்காக டோபிகள் சேங்கொட்டையால் வைக்கும் அழியாத கறுப்புக் குறி அங்கே இருந்தது. அதுவும் சுருங்கிப் போயிருந்தது.

"என் கையால வச்ச குறிங்க. கம்பளிய வேக வச்சீங்களா ஐயா?"

அவர்தான் என்னைக் கோட்டிலிருந்து உரித்தெடுத்தார்.

பெரிய கங்காணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "முத்தையா, இப்படி வாப்பா" என்று அவரைக் கொய்யா மரத்தடிக்கு அழைத்துப் போனார். (மாப்பிள்ளையைப் பற்றி டோபியிடம் விசாரிப்பது அந்தக் கால வழக்கம். எல்லார் வீட்டு அழுக்கும் அவருக்குத்தானே தெரியும்?) பத்து நிமிஷம் பேசினார்கள். ஒரு தடவை இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கல்யாணம் அந்த மரத்தடியிலேயே முடிந்தது என்று நம்பினேன். முத்தையாவின் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது.

மரத்தடியில் அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு என் மனைவிதான் சொன்னாள். "ஐயா துணியில சாராய வாடையே வந்ததில்லைங்க. வெத்தலக் கறைகூட இருக்காது. தங்கமான மனுசன், நம்பிப் பொண்ணக் குடுங்க" என்றாராம். அவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டிய கால்மணி நேரத்தில்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. (எதற்காக அப்படிச் சொன்னார் என்று கொஞ்சம் சந்தேகமும் வந்தது.)

இன்றும் பால்காரரையோ தபால்காரரையோ சம்பந்தியையோ நான் சந்தேகப்பட்டால் மனைவி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டுவதில்லை. பேரப்பிள்ளைகள் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு சொல்வாள்:

"அந்த முத்தையா இப்படிப் பொய்ச்சாட்சி சொல்லிட்டாரே!"