கொட்டகையைக் காப்பாற்றிய ஒயின்

"புளிக்குது," என்றாள் லொரெய்ன். குடித்தது ஒரே வாய்தான்.

"புளிப்பில்ல, துடிப்பு," என்றான் அவள் கணவன் எம்மெட்.

"அந்தத் துடிப்புல எனக்குப் பல்லு கூசுது. போட்டிக்கு இதையா அனுப்பப்போற?"

இதைத்தான் அனுப்பியாக வேண்டும். வேறு சரக்கு இல்லை. நியூயார்க் மாநிலத்துச் செனகா ஏரிக்கரையில் ஒயின் போட ஆரம்பித்த நாளிலிருந்து வட்டாரப் போட்டியில் எம்மெட் ஒரு வெண்கலம்கூட வாங்கியதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் புட்டிகளோ பதக்க ஸ்டிக்கரோடு மினுக்கிக்கொண்டிருந்தன. சுற்றுலாக் கார்கள் இவன் வாசலுக்கு வண்டியைத் திருப்ப மட்டுமே வந்துபோயின.

இந்த வருஷமும் பதக்கம் இல்லையென்றால் பீப்பாய்களை வெளியே தள்ளிவிட்டு, கொட்டகையைக் கல்யாண மண்டபமாக்கிவிடுவதாக லொரெய்ன் கறாராகச் சொல்லியிருந்தாள். வாடகை நாற்காலி, காதைக் கிழிக்கும் பாட்டு, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே வாந்தியெடுக்கும் மாப்பிள்ளைத் தோழர்கள் என்று நினைத்துப் பார்த்ததுமே எம்மெட் பீப்பாய்ப் பக்கம் ஓடினான்.

அவன் பீப்பாயில் இனிப்பான திராட்சைச் சாற்றைக் கலந்தான். புளிப்பு அடங்கியது. ஆனால் ஒயின் கலங்கி, குட்டைத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. ஒயினைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றுவது வழக்கம்.

"சர்ச் விருந்துக்குக் கேக் பண்ண முட்டை வாங்கி வச்சிருந்தேனே, எங்க?"

"பீப்பாயில."

"அத்தனையுமா?"

"மஞ்சக்கருவை அப்படியே உனக்காக எடுத்து வச்சிருக்கேன்."

அன்று ராத்திரி எம்மெட்டின் தட்டில் மஞ்சள்கரு மட்டும்தான் இருந்தது.

ஒயின் பளிச்சென்று தெளிந்தது. எம்மெட் அவசர அவசரமாகப் புட்டியில் அடைத்தான். சாற்றின் இனிப்பு, தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட்டை எழுப்பி, புட்டிக்குள்ளேயே மறுபடி நுரைக்கவைத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. பதக்க ஆசையில் மறந்துபோனான். ஒரு வாரத்தில் கார்க்குகள் பட்பட்டென்று கூரையைத் தாக்க ஆரம்பித்தன. மிச்சமிருந்த புட்டிகளின் வாயை வேலிக் கம்பியால் இறுக்கிக் கட்டினான்.

புட்டிகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுப் போட்டி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். லொரெய்ன் வழி நெடுக, முகத்துக்குக் கம்பி வலை வைத்த ஐஸ் ஹாக்கி ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை.

"பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றான் எம்மெட்.

"இவளுக்காவது கண்ணு பத்திரமா இருக்குன்னு நினைப்பாங்க."

கவுண்டரில் வைத்ததுமே ஒரு புட்டி கம்பியை அறுத்துக்கொண்டு குமாஸ்தாவின் சட்டையை நனைத்தது.

"சிவப்பு ஒயின்னு பதிஞ்சிருக்கீங்க. இது நுரைக்குதே," என்றார் அவர், சட்டையைப் பிழிந்தபடி.

"அது... அப்படித்தாங்க."

"அப்ப நுரைக்கும் ஒயின் பிரிவுல போடறேன். தள்ளி நில்லுங்க."

எம்மெட் திரும்பும் வழியிலேயே கொட்டகைக்கு மனதுக்குள் விடைகொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை போன் வந்தது. நடுவர் திருமதி ப்ரூயிட். லொரெய்னும் கேட்கட்டும் என்று எம்மெட் ஸ்பீக்கரைப் போட்டான்.

"உங்க நுரை ஒயினுக்குத் தங்கம், மிஸ்டர் வான்டர்மார்க்."

எம்மெட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் கட்டியது. லொரெய்ன் அவன் தலையில் முத்தமிட்டாள்.

"சொன்னா சொன்னதுதான். கொட்டகை உன்னோடது," என்றாள். "இனிமே கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அவனுக்கு உயிர் வந்தது. நடுவருக்கு நன்றி சொல்லிப் போனை வைக்கப்போனான்.

"வச்சிடாதீங்க," என்றார் திருமதி ப்ரூயிட். "மீதி ஒயினை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் பொண்ணு ஒரு வாய் குடிச்சிட்டு, கல்யாணம் பண்ணா இது பொறந்த கொட்டகையிலதான்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா, அவ தோழிங்களும் கூடச் சேர்ந்துக்கிட்டாங்க, எந்தெந்தச் சனிக்கிழமை காலியா இருக்கு?"