தொள்ளாயிரம் வாட் கொள்கை

அன்று காலை எழுந்ததும் ஒரு முடிவெடுத்தேன். உயிரே போனாலும் என் மகன் கட்டிய பொட்டலத்தை என் கணினியில் ஏற்றமாட்டேன்.

நான் மென்பொருளை மூலநிரலாகவே இறக்கி, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு வீட்டிலேயே தொகுத்துப் பயன்படுத்துகிற ஆள். எங்கள் ஊரான ஜோக்ஜாவில் இப்படி நாலைந்து பேர் இருக்கிறோம். எங்கள் மனைவிமார் ஒருவரையொருவர் பார்த்தால் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள்.

மகன் தனாங்குக்குப் பாத்தாம் தீவில் வேலையே மென்பொருளை முன்கூட்டித் தொகுத்துப் பொட்டலம் கட்டுவதுதான். எவரும் அதை ஒரு நிமிடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். "சோம்பேறிகளுக்குச் சோறு ஊட்டுற வேலை" என்று அவன் கல்யாணத்தில், சம்பந்தி முன்னால் சொல்லித் தொலைத்தேன். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான். பேத்தி கினந்தி பிறந்தாள். அவள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

அன்று அவளுக்கு ஏழாம் மாதச் சடங்கு. குழந்தையின் பாதம் முதன்முதலாக மண்ணில் படும் நாள். நேரலையில் காட்டுவதாக என் மனைவி வுர்யானியிடம் சொல்லியிருந்தான். போனில் பொடிசாகத் தெரியும், கணினியில்தான் பார்ப்பேன் என்று அவள் அடம் பிடித்தாள். கணினியில் அதற்கான செயலி இல்லை. தனாங் கட்டிய பொட்டலங்களில் அதுவும் ஒன்று.

"புள்ள கட்டினதைப் போட்டா என்னங்க? கை வெந்துடுமா?"

"நானே தொகுப்பேன். ரெண்டே மணி நேரம்."

கணினி முக்கி முனகி முக்கால்வாசி வந்தபோது டப்பென்று மின்சாரம் போயிற்று. எங்கள் வீட்டு இணைப்பு தொள்ளாயிரம் வாட். ரைஸ் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் வாசல் மீட்டரின் சுவிட்ச் விழுந்துவிடும். எழுந்து போய்த் தூக்கிவிட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்தான். ஆனால் நான் கொள்கைக்காரன். முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் டப்.

"காலங்காத்தால என்னத்தைடி தேய்க்கிறே?"

"சடங்குக்குப் போடுற கபாயாச் சட்டை. பேத்தி முன்னாடி கசங்கிப்போய் நிக்கவா?"

மூன்றாம் முறை மீட்டர் விழுந்தபோது சடங்குக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. அவள் தலை வாரப் போனாள். நான் திருடனைப்போல் மகனின் பொட்டலத்தை ஏற்றினேன். ஒரு பிழை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

திரையில் கினந்தி வந்தாள். என் அம்மாவின் நெற்றி. சடங்குப்படி வண்ண வண்ணப் பலகாரங்களை மிதித்து, மண்ணில் கால் வைத்ததும் வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

தனாங் முகத்தைக் காட்டினான். இளைத்திருந்தான்.

"நல்லாத் தெரியுதாப்பா?"

"ம். தெளிவா இருக்கு."

கொஞ்சம் தயங்கினான். "செயலி... எப்படி ஏத்தினீங்க?"

நெஞ்சுக்குள் இருந்தது வேறு. வாயில் வந்தது வேறு. "நானே தொகுத்தேன். வேற எப்படி?"

"சரிப்பா" என்றான். திரை அணைந்தது.

வுர்யானி கபாயாவின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். அது கசங்கித்தான் இருந்தது. இஸ்திரிப் பெட்டி மூன்று முறையும் மீட்டரைத்தான் விழவைத்தது, துணியின் பக்கமே போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்க அவன் கட்டினதை ஏத்துறதைப் பார்த்ததுமே அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றாள். "உங்க வாயால கேக்கணும்னு ஆசைப்பட்டான்."