எல்லாரையும் சேர்த்தேன், என்னை இறக்கிவிட்டார்கள்

அன்புள்ள மச்சான் பிராங்கிளினுக்கு,

கல்மண்டபத்திலிருந்து உன் அக்கா புருஷன் அம்புரோஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என் மானம் நீங்கலாக. மாதவரத்தில் நீங்கள் சுகம்தானே?

துறைமுகத்தில் ரிட்டயர் ஆன நாளிலிருந்து எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மொட்டை மாடியில் கூட்டம் போட்டால் நாலு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் காற்று வாங்க. நிம்மதியாக இருந்தேன். அது பொறுக்காமல் என் மகள் சில்வியாவின் ஆபீசில், மனிதர் பல விதம், ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது என்று வகுப்பு எடுத்திருக்கிறார்கள். "ஏம்பா, வாடகைக்கு இருக்கறவங்களுக்கு உங்க சங்கத்துல ஓட்டே கெடயாதாமே, வெக்கமா இல்ல?" என்று நான் சோற்றில் கை வைக்கும்போது கேட்டாள். எல்லாரும் வரலாம், எல்லாருக்கும் ஓட்டு என்று படிக்கட்டில் எழுதி ஒட்டினேன். பெருந்தன்மைக்குச் செலவில்லை என்று நினைத்துவிட்டேன், மச்சான்.

முதலில் சக்கர நாற்காலியில் ஃபர்ஹான் வந்தான். "எல்லாரும் வரலாம்னு போட்டுகிறீங்க அங்கிள். மாடிக்கு நான் பறந்து வரணுமா?" நியாயம்தான். கூட்டத்தைக் கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்கு மாற்றினேன். மாற்றியதும், முட்டிவலி என்று இத்தனை காலம் வராத பெண்கள் மொத்தமும் உன் அக்கா தலைமையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காது கேளாத நெல்சன், தண்ணீர் வராத கதையைக் கையாலேயே சொல்ல, அவர் மனைவி ரூத் அதை எங்களுக்குச் சொன்னாள். எதிர்த்துப் பேசுபவரைச் சத்தம் போட்டு உட்காரவைப்பது என் வழக்கம். நெல்சனிடம் அந்த வித்தை எப்படிப் பலிக்கும்? நான் தொண்டை கிழியக் கத்தினேன், அவர் நிதானமாகக் கதையை மோட்டார் ரூம்வரை கொண்டுவந்துவிட்டார்.

அப்போதுதான் மூன்றாவது மாடி ராஜாத்தி எழுந்தார். திருநங்கை, காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். "மோட்டாரு பூட்ச்சின்னா அவரு இன்னா நைனா பண்ணுவாரு? நீ எதுக்குக் கத்திகினு கீற?" என்றவர், அங்கேயே போன் போட்டுத் தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்தார். கூட்டம் முடிவதற்குள் குழாயில் தண்ணீர். யாரோ, "ராஜாத்தியே செயலாளரா இருக்கட்டும்" என்றார்கள். யாரோ என்ன யாரோ, உன் அக்கா ரோஸ்மேரிதான். இரண்டு கையையும் தூக்கினாள்.

"எல்லாரும்னா அதுல நானும் ஒருத்தன்தானடி" என்றேன்.

"ஒருத்தன்தான். இவ்ளோ நாளா நீ மட்டும்தான் எல்லாரும்னு நெனச்சிகினு இருந்த" என்றாள்.

ஒரே பேஜாரு, மச்சான். ஞாயிறு பூசை முடிந்ததும் புறப்பட்டு வந்து உன் அக்காவுக்கு நாலு வார்த்தை புத்தி சொல். மகிமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். தொலைந்ததைக் கண்டெடுத்துத் தரும் அந்தோனியார் உங்களைக் காக்கட்டும், கையோடு என் பதவியையும் தேடட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர் அம்புரோஸ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ராஜாத்தி குடியிருக்கும் வீட்டின் ஓனர் வந்தார். "அந்த மாதிரி ஆளெல்லாம் செயலாளர்னா பில்டிங் பேரு இன்னா ஆவறது? அத காலி பண்ண வெச்சிட்றேன், நீயே திரும்பக் குந்து" என்றார். எனக்கு ரோஷம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "கலீஜா பேசாத சார். அவங்க எங்க செயலாளரு. காலி பண்ணச் சொன்னா மொத்த பில்டிங்கும் உன் வூட்டு வாசல்ல வந்து நிக்கும், மொத ஆளா நான்" என்று கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே உன் அக்கா, கேட்காமலே எனக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே புத்தி சொல்ல வராதே. மீன் குழம்பு சாப்பிட வா.